தனியே அனுப்புவதும் ஓர் அமானிதமே



கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதத்திலும், ரமளான் கழிந்து மதரஸாக்கள் திறக்கும் ஷவ்வால் மாதத்திலும் உஸ்தாதுகளாகிய எங்களிடம் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளையைத் தனியே அனுப்பலாமா, ஹஜ்ரத்?" ஆறு வயதுப் பிள்ளை இரண்டு தெரு தாண்டிப் பள்ளிவாசலுக்கு ஓத வருவதைப் பற்றியும் இதே கேள்விதான். பதினாறு வயது மகள் பேருந்தில் அடுத்த ஊர்ப் பள்ளிக்குச் செல்வதைப் பற்றியும், பதின்மூன்று வயது மகன் இரயிலேறி வெளிமாவட்ட மதரஸாவுக்குப் போவதைப் பற்றியும் இதே கேள்விதான்.

இதற்கு நம் வீடுகளில் பொதுவாக இரண்டு பதில்கள் புழங்குகின்றன. "காலம் கெட்டுக் கிடக்கிறது, அனுப்பவே வேண்டாம்" என்பது ஒன்று. "நாங்களெல்லாம் அந்த வயதில் தனியாகப் போகவில்லையா, இதற்குப் போய் யோசிப்பதா" என்பது மற்றொன்று. முதலாவது அச்சத்தில் பிறந்தது. இரண்டாவது அலட்சியத்தில் பிறந்தது. எனினும் இரண்டுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. இவற்றில் எதைச் சொல்லிவிட்டாலும், அதற்குமேல் பெற்றோர் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிஞ்சுவதில்லை. தடுத்துவிட்டவருக்கும் வேலை முடிந்தது, விட்டுவிட்டவருக்கும் வேலை முடிந்தது.

பிள்ளைகள் நமக்கு அல்லாஹ் தந்த அமானிதம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அமானிதத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதால் மட்டும் கடமை நிறைவேறிவிடாது. தெருவில் வைத்துவிட்டு வருவதாலும் நிறைவேறாது. ஆகவே, எத்தனை வயதில் அனுப்பலாம் என்று கேட்பதற்கு முன்னர், அனுப்புவதற்குத் தகுதியுடையவனாக, தகுதியுடையவளாக அந்தப் பிள்ளையை நாம் ஆக்கியிருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

பொருளுக்கே சோதனை உண்டு

அநாதைகளின் சொத்தைப் பற்றி அந்நிஸா அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் பேசுகிறது. அவர்களின் பொருளை அவர்களிடம் ஒப்படைப்பதற்கு அல்லாஹ் இரண்டு நிபந்தனைகளை வைத்திருக்கிறான். ஒன்று, அவர்கள் பருவ வயதை அடைய வேண்டும். மற்றொன்று, அவர்களிடம் 'ருஷ்து' எனப்படும் விவேகம் காணப்பட வேண்டும். அந்த விவேகம் வந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? அவர்களைச் சோதித்துப் பார்க்கும்படி அதே வசனம் பாதுகாவலர்களுக்குக் கட்டளையிடுகிறது.

இந்தச் சோதனையை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. பருவமடையும் முன்பே சிறுவனைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, பேரம் பேசச் செய்து, அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் காணப்படும் விளக்கம். இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, வயது மட்டும் போதாது. பதினெட்டு ஆகிவிட்டது என்பதற்காக விவேகம் வந்துவிட்டதாகப் பொருளில்லை. இரண்டாவது, விவேகம் வரட்டும் என்று வீட்டுக்குள் வைத்துக் காத்திருக்கவும் முடியாது. பாதுகாவலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறு சிறு பொறுப்புகளைக் கொடுத்துப் பழக்கினால்தான் அது வருகிறதா என்று தெரியும்.

அழியும் பொருளை ஒப்படைக்கவே இத்தனை முன்னேற்பாடு வேண்டுமென்றால், பிள்ளையின் உயிரையும் மானத்தையும் அதன் கையிலேயே ஒப்படைக்கும் தனிப்பயணத்துக்கு எவ்வளவு முன்னேற்பாடு வேண்டும்! ஆனால் நம்மில் பலர் ஒரு நாளும் பழக்காமல், ஒரே நாளில் அனுப்பிவிடுகிறோம். அல்லது ஒரு நாளும் பழக்காமலேயே, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

அனஸும் மூஸா நபியின் சகோதரியும்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அனஸ் (ரலி) பத்து வயதுச் சிறுவர். அவருடைய தாயார் உம்மு சுலைம் (ரலி) அவரை நபியவர்களின் பணிவிடைக்கு ஒப்படைத்தார்கள். அந்தச் சிறுவரை நபியவர்கள் வெளிவேலைகளுக்குத் தனியே அனுப்பியிருக்கிறார்கள். ஒருமுறை அப்படி அனுப்பப்பட்டவர், கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ தம் பிடரியைப் பிடிப்பதை உணர்ந்து திரும்பினால், நபியவர்கள் சிரித்த முகத்துடன் நின்றிருந்தார்கள். சொன்ன இடத்துக்குப் போனாயா என்று செல்லமாகக் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ் (ரலி). முஸ்லிம், அபூதாவூத் ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இதைச் சொல்லும்போது நபியவர்களின் நற்குணத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பிள்ளை வளர்ப்புக்கும் இதில் பாடம் இருக்கிறது. சிறுவரை நம்பி அனுப்பினார்கள். அவர் வழியில் நின்றுவிட்டதைத் தாமே வந்து கண்டார்கள். கண்டபோது ஏசவில்லை, இனி உன்னை அனுப்பவே மாட்டேன் என்று சொல்லவுமில்லை. அவர் தொடர்ந்து போனார். நம்பிக்கை, கண்காணிப்பு, மன்னிப்பு என்ற மூன்றும் அந்த ஒரு நிகழ்ச்சியில் சேர்ந்திருக்கின்றன.

"அனஸ் ஆண்பிள்ளை, பெண்பிள்ளையின் கதை வேறல்லவா?" என்று கேட்போர் அல்கஸஸ் அத்தியாயத்தைத் திறந்து பார்க்கட்டும். மூஸா (அலை) அவர்களைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட தாயார், அதைப் பின்தொடர்ந்து செல்லும்படி அனுப்பியது தம் மகளைத்தான். ஆண்குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த ஃபிர்அவ்னின் ஊர் அது. அந்தப் பெண் எவரும் சந்தேகிக்காதவாறு தூரத்திலிருந்தே கவனித்துச் சென்றார். உரிய வேளையில் உரிய சொல்லைச் சொல்லி, தம்பியைத் தாயின் மடிக்கே மீட்டுவந்தார். நிதானமும் சமயோசிதமும் பெண்பிள்ளைக்கு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அவளை நம்பிப் பொறுப்புகளைக் கொடுத்து வளர்த்த வீட்டில்தான் அவை வரும்.

எதற்கு அஞ்சுவது?

அச்சம் ஈமானின் குறைபாடு அன்று. யூசுஃப் (அலை) அவர்களை விளையாட அழைத்துச் செல்வதாக மூத்த மகன்கள் கேட்டபோது, ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாக யஃகூப் (அலை) அவர்கள் சொன்னார்கள். ஒரு நபிக்கே பிள்ளையைப் பற்றிய கவலை இருந்திருக்கிறது. பிற்காலத்தில் மகன்களை எகிப்துக்கு அனுப்பியபோதும், எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழையும்படி எச்சரித்தே அனுப்பினார்கள். அல்லாஹ்வின் விதிக்கு முன்னால் தம்மால் எதையும் தடுத்துவிட முடியாது என்பதையும் உடன் சொன்னார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் இதைத்தான் உணர்த்துகிறது.

ஆனால் அந்த வரலாற்றில் யூசுஃபுக்குத் தீங்கு ஓநாயால் வரவில்லை. கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர்களால் வந்தது. இதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நம் பெற்றோரின் அச்சமெல்லாம் முகம் தெரியாத பிள்ளைபிடிப்பவனைப் பற்றியே இருக்கிறது. கைபேசியில் வரும் வதந்திகள் அதை நாள்தோறும் வளர்க்கின்றன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் கடுமையான வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் பிள்ளைக்கு முன்பே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர், பாடம் சொல்லித் தருபவர் என்று அந்த வட்டம் விரிகிறது. எங்களைப் போன்ற ஆசிரியர்களையும் அந்த வட்டத்திலிருந்து விலக்கிவிட்டு எவரும் பேச வேண்டியதில்லை. ஆகவே, "தெரியாதவரோடு பேசாதே" என்ற ஓர் அறிவுரையோடு பெற்றோரின் கடமை முடிந்துவிடாது. தெரிந்தவராயினும், உடம்பைத் தொட்டால், ரகசியமாக வைத்துக்கொள் என்றால், பரிசு தந்து தனியே அழைத்தால், மறுத்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டும்.

இரண்டாவது ஆபத்து சாலை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பிள்ளைபிடிப்பவனைப் பற்றி நூறு முறை சொன்ன பெற்றோர், நின்றிருக்கும் பேருந்துக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடக்காதே என்று ஒருமுறையேனும் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டியிருக்கிறார்களா?

மூன்றாவதாக, எங்கள் மக்தபுக்கு வரும் பிள்ளைகளிடம் நாங்கள் நேரில் காண்பது தெருநாய். சுப்ஹுக்குப் பின் வெளிச்சம் முழுதாகப் பரவாத வேளையில், ஆளரவமற்ற தெருக்களில் சின்னஞ்சிறு பிள்ளைகள் ஓத வருகிறார்கள். நாயைக் கண்டதும் ஓடுகிறார்கள். ஓடினால் நாயும் துரத்தும். ஓடாமல் அசையாது நிற்கவும், கடித்துவிட்டால் அடிக்குப் பயந்து மறைக்காமல் உடனே வீட்டில் சொல்லவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, ஓதிக்கொடுப்பதற்கு எந்த வகையிலும் குறைந்த கடமையன்று. கடித்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதும், அன்றே ஊசி போடத் தொடங்குவதும் உயிரைக் காக்கும்.

ஒரே வீட்டில் இரண்டு சட்டங்கள்

நம் சமுதாயம் நேர்மையோடு பேச வேண்டிய விஷயம் ஒன்று உள்ளது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளை, மேல்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அதே வீட்டில் பதினான்கு வயது மகனிடம் மோட்டார் சைக்கிளின் சாவி இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் பேருந்துப் பயணம் ஆபத்து என்று மகளைத் தடுத்தவர், மகன் இரண்டு நண்பர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறப்பதைக் காணாதவர்போல் இருக்கிறார்.

ஆபத்தை அளந்து பார்த்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவு, சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோரை அல்லது வாகன உரிமையாளரையே குற்றவாளியாகக் கருதுகிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து, அச்சிறுவனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் இல்லை என்பன அதன் தண்டனைகள். சட்டத்துக்கு அஞ்சாவிட்டாலும், பிறர் வீட்டுப் பிள்ளையைத் தன் மகன் இடித்து வீழ்த்தினால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வது என்று அஞ்ச வேண்டாமா?

மகளைத் தடுப்பவர்கள் பெரும்பாலும் மார்க்கத்தையே காரணம் காட்டுகிறார்கள். மஹ்ரமின்றிப் பெண் பயணம் செய்வதைத் தடுக்கும் நபிமொழிகள் உண்மையிலேயே உள்ளன. அவற்றை நாம் தலைமேல் கொள்கிறோம். அவை பேசுவது 'சஃபர்' என்னும் பயணத்தைப் பற்றி. அதன் எல்லை குறித்து மத்ஹபுகளில் விளக்க வேறுபாடுகள் உண்டு. கல்லூரிக்காக வெளியூர் செல்வது போன்றவற்றில் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதே முறை. ஆனால் காலையில் ஐந்தாறு கிலோமீட்டர் சென்று அஸர் நேரத்தில் வீடு திரும்புவதை எவரும் சஃபர் என்று சொல்வதில்லை. அந்தத் தூரத்துக்கு நாம் யாரும் கஸ்ர் தொழுவதில்லையே! தொழுகையைச் சுருக்கப் போதாத தூரம், மகளின் படிப்பைச் சுருக்க மட்டும் எப்படிப் போதுமாகிறது?

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானதே. அதற்கு வழி தேட வேண்டும். ஒரே பள்ளிக்குச் செல்லும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பலாம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். எனவே முதல் சில வாரங்களுக்குத் தாயோ பெரியம்மாவோ உடன் சென்று வருவதற்குச் செலவும் தடையாக இருக்காது. பேருந்தில் யாராவது தொல்லை கொடுத்தால், குற்றம் தொல்லை கொடுத்தவனுடையது. அதை வீட்டில் சொன்னதற்காக மகளின் பயணத்தை நிறுத்துவது அவளையே தண்டிப்பதாகும். அப்படி ஒருத்தி தண்டிக்கப்பட்டதைப் பார்க்கும் தங்கைகள் அதன்பின் எதையும் வீட்டில் சொல்லமாட்டார்கள். பிள்ளைகள் வாய்மூடிப் போவதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

படிப்படியாகப் பழக்குதல்

தொழுகையை ஏழு வயதில் ஏவவும், பத்து வயதில் கண்டிப்புக் காட்டவும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இடையிலுள்ள மூன்று ஆண்டுகளும் பழக்குவதற்கான காலம். பயணத்துக்கும் இந்த முறையே பொருந்தும். நாங்கள் பெற்றோருக்குச் சொல்லும் படிகள் இவை.

முதலில், கூட நடக்க வேண்டும். ஆனால் வழிகாட்டும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே சாலையைக் கடக்க வேண்டும் என்று அவன் சொல்லட்டும், நீங்கள் பின்தொடருங்கள். அடுத்து, இருபது முப்பது அடி பின்னால் நடந்து வாருங்கள். மூஸா நபியின் சகோதரி பார்த்ததுபோல் தூரத்திலிருந்து பாருங்கள். அதன்பின் தெருமுனைக் கடைக்கும், பள்ளிவாசலுக்கும் தனியே அனுப்புங்கள். போகும் நேரமும் திரும்பும் நேரமும் வரையறுக்கப்பட்டிருக்கட்டும். பேருந்தில் பழக்கும்போது ஒருநாள் வேண்டுமென்றே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, இப்போது என்ன செய்வாய் என்று கேளுங்கள். கூட நீங்கள் இருக்கும்போது தவறவிட்ட நிறுத்தம், தனியே இருக்கும்போது அவனைக் கலங்கவிடாது.

பெற்றோரில் இருவரின் தொலைபேசி எண்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சிறு சிறு சூராக்களை மனனம் செய்யும் பிள்ளைக்குப் பத்து இலக்கங்கள் பெரிதல்ல. வாப்பா வெளிநாட்டில் இருக்கும் சபராளி வீடுகளில், உள்ளூரில் உடனே வரக்கூடிய மாமா அல்லது பெரியத்தாவின் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர உதவிக்கு 112, இரயிலில் 139 என்பவற்றையும் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். "உன் அத்தா அழைத்துவரச் சொன்னார்" என்று எவர் வந்தாலும், அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் அவரோடு போகக் கூடாது. வழி தவறினால் எங்கே போய் நிற்பது என்பதும் முன்பே முடிவாகியிருக்கட்டும். பள்ளிவாசல், மருந்துக்கடை, பேருந்து நிலையத்தின் நேரக்காப்பாளர் அறை, காவல் நிலையம் என்று வழியிலுள்ள இடங்களை நேரில் காட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்குக் கீழ்ப்படி என்றே பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம். அது நம் அதபு. அதைக் கைவிட வேண்டாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டென்று கற்பிப்பதும் மார்க்கமே. படைத்தவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் எந்தப் படைப்புக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. தவறான காரியத்துக்கு அழைப்பவர் பெரியவராக இருந்தாலும், தாடி வைத்தவராக இருந்தாலும் உரக்கச் சத்தமிடவும் ஓடிவரவும் பிள்ளைக்கு நாமே அனுமதி தந்து வைக்க வேண்டும்.

மாலை மங்கும் வேளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இரவின் ஒரு பகுதி கழிந்ததும் அவர்களை விட்டுவிடலாம் என்றும் அதே நபிமொழியில் வருகிறது. நேரமறிந்து தடுப்பதும், நேரமறிந்து விடுவதும் சுன்னத்தாகவே இருக்கின்றன.

தொலைதூரப் பயணம்

ஷவ்வாலில் மதரஸாவுக்குப் புறப்படும் சிறுவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஒரு பெட்டியோடு இரவு இரயிலில் தனியே ஏற்றிவிடுவதைத் தியாகம் என்று எண்ணும் பெற்றோர் உள்ளனர். கல்விக்காகப் பிரிவதில் தியாகம் உண்டு. ஆனால் தனியே ஏற்றிவிடுவதில் இல்லை. தனித்துப் பயணிப்பவரைக் கண்டித்தும், மூவராகச் செல்பவர்களே பயணக் கூட்டம் என்று சொல்லியும் நபிமொழி வந்துள்ளது. தனிமையிலுள்ள ஆபத்தை மக்கள் அறிந்திருந்தால் இரவில் எவரும் தனியே பயணம் செய்யமாட்டார்கள் என்ற கருத்தில் புகாரியிலும் ஒரு செய்தி உண்டு. இவை பெரியவர்களுக்கே சொல்லப்பட்டவை. சிறுவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இமாம் புகாரி அவர்கள் சுமார் பதினாறு வயதில் ஹஜ்ஜுக்காக மக்கா சென்றபோது தாயாரும் சகோதரரும் உடன் சென்றார்கள். ஹஜ் முடிந்து அவர்கள் ஊர் திரும்ப, இமாமவர்கள் கல்விக்காக அங்கேயே தங்கினார்கள். கல்வியுலகின் மாபெரும் பயணி ஒருவரின் தொடக்கமே குடும்பத்தார் உடன்சென்று விட்டுவந்ததாகத்தான் இருக்கிறது. முதல் முறை தந்தையோ மாமாவோ மதரஸா வரை சென்று, தங்குமிடத்தைப் பார்த்து, பொறுப்பாளரிடம் பேசி, கையோடு கையாக ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். விமான நிறுவனங்கள் பலவும் தனியே பறக்கும் சிறுவரை, அனுப்புபவர் யார், பெற்றுக்கொள்பவர் யார் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஏற்றுகின்றன. வளைகுடாவிலுள்ள தந்தையிடம் பிள்ளையை அனுப்பியவர்கள் இதை அறிவார்கள். பணத்துக்காகப் பயணிகளைச் சுமக்கும் நிறுவனம் காட்டும் அந்தக் கவனத்தை, பெற்ற நாமும், ஓதிக்கொடுக்கும் மதரஸாக்களும் காட்ட வேண்டாமா? விடுமுறைக்குப் பிள்ளை புறப்படும்போது மதரஸாவும், வந்து சேர்ந்ததும் வீடும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மஹல்லாவின் பொறுப்பு

உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர் என்ற நபிமொழியைப் பெற்றோருக்கு மட்டும் உரியதாகக் குறுக்கிவிட முடியாது. ஒரு தெருவின் பிள்ளைகள் பாதுகாப்பாக நடந்துபோவது அந்தத் தெருவாசிகள் அனைவரின் பொறுப்பு.

ஜப்பானில் பல ஊர்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பெற்றோர் துணையின்றி நடந்தே பள்ளிக்குச் செல்கிறார்கள். ஆயினும் அவர்கள் தனித்தனியே செல்வதில்லை. ஒரே பகுதிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, மூத்த மாணவர் ஒருவர் முன்னே செல்ல, வரிசையாகப் போகிறார்கள். ஆபத்தென்றால் பிள்ளைகள் ஓடிவந்து நுழையலாம் என்று அறிவிக்கும் பலகைகளைக் கடைகளிலும் வீடுகளிலும் வைத்திருக்கிறார்கள். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதைப் படித்தவர்கள் நாம். நடைமுறையில் காண்பதற்கோ அவ்வளவு தூரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஜமாஅத்துகளால் இது முடியாததன்று. மக்தபுக்கு வரும் பிள்ளைகளைத் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூத்த மாணவரை அமீராக நியமிக்கலாம். சுப்ஹு தொழுதுவிட்டு வீடு திரும்பும் பெரியவர்கள், பிள்ளைகள் வந்து சேரும் வரை கால் மணி நேரம் தெருமுனையில் நின்றால் அது ஸதக்காவாக எழுதப்படும், இன்ஷா அல்லாஹ். வராத பிள்ளையின் வீட்டுக்குப் பாடம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் உஸ்தாது தகவல் சொல்ல வேண்டும். அடுத்த ஊர்ப் பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பேருந்தில் போகிறார்கள் என்ற பட்டியல் ஜமாஅத்திடம் இருந்தால், பேருந்து வசதி கேட்டு அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் மனுக் கொடுக்கவும் அது உதவும். திருமணப் பதிவேட்டை அத்தனை ஒழுங்காகப் பேணும் ஜமாஅத்துக்கு இந்தப் பட்டியல் ஒரு சுமையாகாது.

"ஏதேனும் நடந்துவிட்டால்?"

இவ்வளவும் செய்த பிறகும் தாயின் மனம் இதைக் கேட்கும். கேட்கத்தான் செய்யும். எந்த ஆபத்தும் நேராது என்று எவரும் உறுதி தர முடியாது. வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் அந்த உறுதியைத் தர இயலாது. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். இன்று அனுப்பாத பிள்ளை என்றென்றும் வீட்டிலேயே இருக்கப்போவதில்லை. பதினெட்டு வயதில் கல்லூரிக்கோ, இருபத்திரண்டில் வேலை தேடிச் சென்னைக்கோ துபாய்க்கோ போகத்தான் வேண்டும். மகளும் மணமாகி வேறோர் ஊரில், கணவர் வெளிநாட்டிலிருக்க, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குத் தனியே ஓட வேண்டிய நாள் வரலாம். அன்று அவர்கள் முதன்முதலாகத் தனித்து நின்றால் பிடரியைப் பிடித்துத் திருத்த நாம் பின்னால் இருக்கமாட்டோம். இன்றாவது தெருமுனையில் நிற்கிறோம்.

எனவே, பிள்ளை வாசற்படி தாண்டும்போது வீட்டை விட்டு வெளியேறும் துஆவை அவன் வாயால் ஓதச் செய்யுங்கள். ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடி ஓதியதுபோல் நீங்களும் ஓதி அனுப்புங்கள். துஆ ஓதிய அதே வாயால், பேருந்து எண்ணையும் திரும்பும் நேரத்தையும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அவன் திரும்பி வந்ததும் எங்கே சுற்றினாய் என்று தொடங்காமல், வழியில் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, சொல்வதற்குக் கடினமான ஒன்று நேர்ந்த நாளிலும் உங்களிடமே வந்து சொல்லும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் வெளியே செல்லும்போதும் வீடு திரும்பும்போதும் அவர்களைப் பாதுகாப்பானாக! அவர்களை அச்சமில்லாதவர்களாகவும் அலட்சியமில்லாதவர்களாகவும் வளர்க்கும் விவேகத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.